பத்து வருஷம் என்று எழுதினேன்

ஒரே பொய்யை நான் பதினான்கு தடவை எழுதினேன். ஒரே நாளில், ஒரே பேனாவில், அடித்தல் திருத்தல் இல்லாத நல்ல கையெழுத்தில். அதற்காக யாரும் எனக்கு ஒரு பைசா கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் இன்றைக்கு என்னைத் திட்டிக்கொள்ள எனக்கு வசதியாக இருந்திருக்கும். லஞ்சம் வாங்கிய பயல் என்று ஒரே வார்த்தையில் கதை முடிந்திருக்கும். நான் அதை இரக்கப்பட்டு எழுதினேன். அதுதான் தொண்டைக்குள் மீன்முள்ளாக நிற்கிறது.

எண்பதுகளின் நடுவில், அரியலூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குக் கிராம நிர்வாக அலுவலராகப் போனேன். பரம்பரைக் கணக்குப்பிள்ளைகளை அரசாங்கம் எடுத்துவிட்டு, பரீட்சை எழுதித் தேறியவர்களைப் போட ஆரம்பித்திருந்த நேரம். நான் பெரம்பலூர்ப் பக்கத்து ஆள். எங்கள் வீட்டில் முதல் சர்க்கார் உத்தியோகம் என்னுடையதுதான். புதுப் பதவியின் நீளமான பெயர் ஊர்க்காரர்கள் வாயில் நுழையவில்லை. என்னையும் பழையபடி "கணக்குப்பிள்ளை" என்றே கூப்பிட்டார்கள். இருபத்தாறு வயதில், எழுபது வயதுக்காரர் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படிக் கூப்பிடும்போது வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை. உள்ளூர எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊருக்குக் கிழக்கே சுண்ணாம்புக்கல் குழிகள். சிமெண்டு ஆலைக்குக் கல் வெட்டி அனுப்பும் வேலையை ஒரு காண்டிராக்டர் எடுத்திருந்தார். கல் ஏற்றிய லாரிகள் போகும் வழியில் கருவேல மரங்கள்கூட வெள்ளையாக இருக்கும். உள்ளூரில் வேலையில்லாமல் ஆட்கள் இருந்தார்கள். ஆனாலும் காண்டிராக்டர் அவர்களை அதிகம் சேர்க்கமாட்டார். உள்ளூர்க்காரன் மாரியம்மன் திருவிழாவுக்கு நாலு நாள் வரமாட்டான், கூலி குறைந்தால் ஏன் என்று கேட்பான், தலைவலி என்றால் வீட்டுக்குப் போய்விடுவான். வெளியூர்க்காரனுக்குப் போக வீடு ஏது?

அப்படி வந்தவர்கள்தான் அந்தப் பதினான்கு குடும்பங்கள். ஆந்திராவில் மழை பொய்த்த ஏதோ ஒரு தாலுகாவிலிருந்து மேஸ்திரி ஒருவர் முன்பணம் கொடுத்து அவர்களை ரயிலேற்றிக் கூட்டிவந்திருந்தார். அரியலூர் ஸ்டேஷனில் இறங்கி, சாமான்களைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே குழிக்கு வந்தார்களாம். குழிக்கு மேல் புறம்போக்கில் பனையோலை போட்டுக் குடிசை கட்டிக்கொண்டார்கள். பிள்ளைகளைப் பெரும்பாலும் ஊரில் மாமியார், அம்மா என்று யாரிடமாவது விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

பயிர்க் கணக்கு எடுக்க வயல்வெளியில் போன ஒரு நாள், அந்தக் குடிசைகளைக் கடந்தேன். இருபத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் எதிரே வந்து நின்றாள். கையில் காலி பாட்டில். தெலுங்கும் தமிழுமாகக் கலந்து, ரேஷனில் தங்களுக்குச் சீமெண்ணெய் கிடைக்குமா என்று கேட்டாள். டீக்கடைக்காரர் அவர்களுக்கு மட்டும் தனி விலை வைத்து விற்றுக்கொண்டிருந்தார். அரிசியும் அப்படித்தான். அவள் புருஷன் கொஞ்ச தூரத்தில் கடப்பாரையைத் தீட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்ப வேலையைப் பார்த்தான். அவனை நான் உயிரோடு ஐந்தாறு முறைதான் பார்த்திருப்பேன். அந்தக் கும்பிடுதான் நன்றாக நினைவிருக்கிறது.

"கார்டு இல்லாமத் தர மாட்டாங்கம்மா" என்றேன்.

"கார்டு நீங்கதான குடுக்கறது சார்?" என்றாள்.

நான் இல்லை, தாலுகா ஆபீசில் கொடுப்பார்கள், நான் எழுதிக் கொடுப்பதோடு சரி என்று விளக்கினேன். அவளுக்கு அதில் என்ன வித்தியாசம் என்று புரியவில்லை. யோசித்துப் பார்த்தால் அவள் புரிந்துகொண்டதுதான் சரி.

அடுத்த வாரமே மேஸ்திரி என் ஆபீசுக்கு வந்தார். ஆபீஸ் என்றால் வாடகைக்கு எடுத்த ஒற்றை அறை, ஒரு மேஜை, ஒரு மரப்பெட்டி. பதினான்கு குடும்பத்தின் பெயர்களையும் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"காண்டிராக்டர் அய்யா சொல்லி அனுப்புனாங்க சார். பாவம், வாயில்லாத ஜனம். நீங்க மனசு வச்சு ஆளுக்கொரு கார்டு போட்டுக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போவும்."

காண்டிராக்டருக்குக்கூட இப்படி ஒரு மனசா என்று நான் நெகிழ்ந்தேன். நரி எதற்கு ஆட்டுக்கு அழுகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். பரீட்சையில் தேறியவனுக்கு அந்த யோசனை வரவில்லை.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது. "இக்கிராமத்தில் எவ்வளவு காலமாக வசிக்கிறார்?" அவர்கள் வந்து ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. அதை அப்படியே எழுதினால், பழைய ஊரில் கார்டை ஒப்படைத்த சீட்டு எங்கே என்று கேட்டுத் தாலுகா ஆபீசில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தச் சீட்டை வாங்க யார் ஆந்திராவுக்குப் போவது? அங்கே இருக்கும் கார்டில்தான் கிழவிகளும் பிள்ளைகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அந்தக் கட்டத்தில் "பத்து வருடம்" என்று எழுதினேன். பதினான்கு பேருக்கும் அதையே எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினேன். அன்று சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது நான் ஒரு நல்ல மனிதன் என்ற நினைப்போடு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன்.

அதோடு விடவில்லை. வழங்கல் பிரிவு இன்ஸ்பெக்டர் நேரில் விசாரிக்க வருவார், இவர்கள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வார்கள் என்று எனக்குக் கவலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை குடிசைகளுக்கு நடுவே எல்லோரையும் உட்காரவைத்து ஒத்திகை நடத்தினேன்.

"எந்த ஊரு?" என்று அதட்டலாகக் கேட்டேன், இன்ஸ்பெக்டர் மாதிரி.

ஒரு கிழவர் எழுந்து தன் ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "இந்த ஊருதான் சார்னு சொல்லணும் தாத்தா. அந்த ஊர மறந்துரணும்."

"எத்தன வருஷமா இருக்கீங்க?"

"பது வருசம்."

"பது இல்ல. பத்து. பத்து வருஷம் சார்."

அந்தச் சீமெண்ணெய்ப் பெண்தான் முதலில் சரியாகச் சொன்னாள். எங்கள் பக்கத்துப் பெண்ணைப் போலவே இழுத்து, "இந்த ஊருதான் சார், பத்து வருஷம் சார்" என்றாள். நான் அவளைப் பாராட்டினேன். மற்றவர்கள் அவளிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு ஊர் சொன்னால் கார்டைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயமுறுத்தியும் வைத்தேன். பயம் இருந்தால்தான் பாடம் நிற்கும் என்பது என் எண்ணம்.

இன்ஸ்பெக்டர் வரவேயில்லை. என் கையெழுத்தே போதும் என்று விட்டுவிட்டார். கார்டுகள் வந்தன. அந்தப் பெண் தன் கார்டுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்திருந்தாள். அரிசி வாங்கப் போகும்போது மட்டும் எடுப்பாளாம். ரேஷன் கடை வரிசையில் என்னைப் பார்த்தால், முன்னால் நிற்பவர்களிடம் "இந்த சாருதான்" என்று காட்டுவாள். நானும் ஒன்றும் தெரியாதவன் போல முகத்தை வைத்துக்கொண்டு இரண்டு நிமிஷம் அங்கேயே நிற்பேன்.

ஐப்பசி மழையில் குழி சரிந்தது.

மூன்று நாள் விடாத மழை. வேலை இல்லை என்று எல்லோரையும் குடிசையில் இருக்கச் சொல்லியிருந்தார்கள். நான்காம் நாள் காலையில் மழை கொஞ்சம் விட்டதும், லாரிக்குக் கல் குறைகிறது என்று மேஸ்திரி ஆறு பேரைக் கூட்டிப் போனார். ஊறிப்போன மேல்மண் மொத்தமாகக் கீழே வந்தது. ஐந்து பேர் விலகிவிட்டார்கள். அந்தப் பெண்ணின் புருஷன் மாட்டிக்கொண்டான். நான் போவதற்குள் தோண்டி எடுத்து வைத்திருந்தார்கள். முகத்தைக் கழுவியிருந்தார்கள், காதுக்குள் மண் அப்படியே இருந்தது. அவள் அழவில்லை. அந்த மண்ணைத் தன் முந்தானை நுனியால் எடுத்துக்கொண்டே இருந்தாள்.

ஊரில் சாவு நடந்தால் போலீசுக்கு அறிக்கை எழுத வேண்டியவன் நான். மேஜை முன் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். "மேற்படி நபர்" என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. எந்த ஊர்க்காரன் என்று எழுதுவது? அவன் ஊர்ப் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் ஏழெட்டு மாதத்துக்கு முன் நானே எழுதிக் கொடுத்த காகிதம் தாலுகா ஆபீசில் இருந்தது. "இக்கிராமத்தில் பத்து வருடமாக வசித்துவரும்" என்று எழுதி முடித்தேன். இதற்கு இரக்கம் காரணமில்லை. என் தலையைக் காப்பாற்றிக்கொள்ள எழுதியது.

காரியத்துக்குக் காண்டிராக்டர் ஒரு மூட்டை அரிசி அனுப்பினார். ஊரே அவரைத் தர்மவான் என்றது.

அத்தோடு போயிருக்கும். யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருந்தார்கள். கார்த்திகையில் ஒரு நாள், தொழிலாளர் துறையிலிருந்து ஓர் அதிகாரி திருச்சியிலிருந்து பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். ஐம்பது வயதுக்காரர், வயிற்றுவலிக்காரர், டீயில் சர்க்கரை வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னார். விசாரணையை என் ஆபீசிலேயே வைத்துக்கொண்டார். மற்றவர்கள் வருவதற்கு முன் பையிலிருந்து ஒரு சின்னச் சட்டப் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். பக்கங்கள் முனை மடங்கியிருந்தன.

"வெளிமாநிலத் தொழிலாளிங்களுக்குன்னு இது தனிச் சட்டம் சார். ஆளக் கூட்டிட்டு வர்றவனுக்கு லைசென்ஸ் இருக்கணும். ஒவ்வொருத்தனுக்கும் போட்டோ ஒட்டுன புஸ்தகம் குடுக்கணும். எந்த ஊரு, யாரு கூட்டிட்டு வந்தா, என்ன கூலி, எல்லாம் அதுல இருக்கணும். போக வரச் செலவு அவன் பொறுப்பு. செத்துப் போனா ரெண்டு கவர்மெண்டுக்கும் சொல்லணும், வூட்டுக்கும் சொல்லணும்" என்றார்.

"காண்டிராக்டர்கிட்ட அதெல்லாம் இருக்கா சார்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இருக்காது. அதுனாலதான் வந்தேன்." அவர் புத்தகத்தைத் தட்டினார். "எல்லாம் ஒரே ஒரு கேள்வியிலதான் நிக்குது. இவங்கள இங்க கூட்டிட்டு வந்தது யாரு? வெளிமாநிலத்து ஆளு, நடு மழையில, இந்தக் குழிக்குள்ள எதுக்கு வந்தான்? காண்டிராக்டர்தான் கூட்டிட்டு வந்தான்னு நிரூபணமாயிட்டா, செத்தவன் அவனோட ஆளுங்கறதும் நிரூபணமாயிரும். அந்தப் பொம்பளைக்குச் சேர வேண்டிய நஷ்டஈட்டத் தானாக் குடுத்துருவான்."

அப்போதுதான் எனக்குக் காண்டிராக்டரின் இரக்கம் புரிந்தது. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அந்த நேரத்தில் திரும்பி உள்ளே போய், "சார், அந்தப் பத்து வருஷம் நான் எழுதினது, பொய்" என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவர் ஒருவர்தான் உள்ளே இருந்தார். வயிற்றுவலிக்காரர், நல்ல மனிதர். திட்டியிருப்பார். பிறகு என்ன செய்வதென்று அவரே சொல்லியிருப்பார். நான் தகுதிகாண் பருவத்தில் இருந்தேன். பொய்ச் சான்று கொடுத்தேன் என்று ஒரு வரி மேலே போனால் வேலை போய்விடும் என்று நினைத்தேன். போயிருக்குமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் தைரியம் அன்றைக்கு இல்லை.

காண்டிராக்டர் வெள்ளை வேட்டியில் வந்தார். பதினான்கு கார்டு எண்களையும் டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தார். அப்படித் தயாராக ஒரு மனிதர் வருவாரா? நான் பதிந்து கொடுத்த புண்ணியம் எல்லாம் அவர் சட்டைப் பையில் இருந்தது.

"இவங்க இந்த ஊர் ஜனங்க சார். கணக்குப்பிள்ளையே சர்ட்டிபிகேட் குடுத்துருக்காரு. இஷ்டம் இருந்தா வேலைக்கு வருவாங்க, இல்லேன்னா வேற எடத்துக்குப் போயிருவாங்க. நான் எங்கயிருந்தும் யாரையும் கூட்டியாரல. அன்னைக்கு மழ, எங்க குழியில வேலையே கெடையாது. அவன் சொந்தத்துக்கு நாலு கல்லு எடுக்கப் போயிருப்பான். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

அதிகாரி அவருக்குப் பதில் சொல்லாமல் அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிடச் சொன்னார்.

அவள் தன் கார்டைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். உள்ளே வந்ததும் முதலில் என்னைப் பார்த்தாள். நான் அதிகாரிக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். அவள் முகத்தில் ஒரு தைரியம் வந்தது, தெரிந்த வாத்தியார் பரீட்சை ஹாலில் இருப்பதைப் பார்த்த பிள்ளையின் தைரியம்.

"பயப்படாதம்மா. நீ எந்த ஊரு?" என்று கேட்டார் அதிகாரி.

"இந்த ஊருதான் சார்."

"எத்தன வருஷமா?"

"பத்து வருஷம் சார்."

ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. நான் சொல்லிக் கொடுத்த அதே இழுப்பு.

அதிகாரி பேனாவை மூடினார். "யோசிச்சுச் சொல்லும்மா. உன் புருஷன யாரு வேலைக்குக் கூட்டிட்டு வந்தா? ரயில்ல வந்தீங்களா? யாராவது பணம் குடுத்தாங்களா?"

அவள் மறுபடி என்னைப் பார்த்தாள். இந்தக் கேள்விகளை நான் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. கார்டைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள். "நாங்க இந்த ஊருதான் சார். கார்டு இருக்குது சார்."

பிறகு மற்றவர்களைக் கூப்பிட்டார்கள். கிழவர்கூடத் தன் ஜில்லாவையும் தாலுகாவையும் மறந்திருந்தார். எல்லோரும் இந்த ஊர், எல்லோருக்கும் பத்து வருஷம். வாசலில் மேஸ்திரி வெற்றிலை மென்றுகொண்டு நின்றார். அவர் யாரையும் மிரட்டத் தேவையில்லாமல் போயிற்று. அந்த வேலையை நான் முன்பே செய்து முடித்திருந்தேன்.

கடைசியில் அதிகாரி நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "பத்து வருஷமா இங்க இருக்கறவங்க தமிழ் இப்படியா சார் இருக்கும்? இந்த ரெண்டு வாக்கியத்த விட்டா அந்தப் பொம்பளைக்கு வேற வரலயே. நீங்கதான எழுதிக் குடுத்தது? நீங்க சொல்லுங்க."

கதவைத் திறந்துவிட்டு உள்ளே வா என்று அவர் கூப்பிட்டது எனக்குப் புரிந்தது.

"ரிக்கார்டுபடி பத்து வருஷம் சார்" என்றேன்.

ரிக்கார்டுபடி. நான் பொய் சொல்லவில்லை, காகிதம்தான் சொல்கிறது என்பது போல ஒரு வார்த்தை. அந்த வார்த்தையை எங்கள் துறையில் கண்டுபிடித்தவன் என்னைப் போன்ற கோழையாகத்தான் இருந்திருப்பான். அதிகாரி புத்தகத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். வெளிமாநிலத் தொழிலாளி அல்ல, வேலைக்கு அமர்த்தியதற்கு ஆதாரம் இல்லை என்று முடித்து அனுப்பினார் என்று பின்னால் தெரிந்தது. வேறு என்ன எழுத முடியும் அவரால்?

எல்லோரும் போனபின் அவள் மட்டும் வாசலில் நின்றாள்.

"சரியா சொன்னேனா சார்?" என்றாள்.

"ம், சரியாத்தான் சொன்ன" என்றேன். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அந்தப் பொங்கலுக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, வளைகுடாவிலிருந்து திரும்பி வந்திருந்தான். டிரைவர் வேலை என்று பம்பாய் ஏஜெண்டு அனுப்பினான். போன இடத்தில் மூட்டை தூக்கவிட்டார்கள். பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொண்டான். புகார் சொல்லப் போனால், படிக்கத் தெரியாத பாஷையில் இவன் எப்போதோ கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் காட்டினார்களாம். ரிக்கார்டுபடி இவன் மூட்டை தூக்கத்தான் வந்திருக்கிறான்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இலை முன்னால் உட்கார்ந்துகொண்டு கத்தினேன். "அங்க ஒரு ஆபீசர்கூடவா மனுஷன் இல்ல? ஒருத்தன், ஒரே ஒருத்தன் உள்ளத உள்ளபடி எழுதியிருந்தா இவனுக்கு இந்தக் கதி வருமா?"

"சாப்புடுறா. உன்ன மாதிரி நல்லவனாவே எல்லா ஊருலயும் இருப்பானா?" என்றாள் பெரியம்மா.

கையில் எடுத்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லி எழுந்துவிட்டேன். அவள் கேலியாகச் சொல்லவில்லை, மனதாரச் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

தை கடைசியில் அந்தச் சீமெண்ணெய்ப் பெண் என் ஆபீசுக்கு வந்தாள். ஊருக்குப் போகிறாள். புருஷன் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக அவள் தம்பி வந்து குழியில் வேலைக்கு நிற்பதாக ஒப்புக்கொண்டபின்தான் மேஸ்திரி அவளை விட்டார் என்று அவளே சாதாரணமாகச் சொன்னாள். பிள்ளைகள் இரண்டும் மாமியாரிடம் இருந்தன.

அவளை நிறுத்திவைத்து ஏதாவது செய்துவிட வேண்டும் என்று எனக்குத் துடிப்பு. "இங்கயே இரும்மா. விதவைப் பென்ஷனுக்கு எழுதித் தரேன். பத்து வருஷம் இருந்ததா கார்டு இருக்குல்ல, கெடச்சிரும்" என்றேன். சொல்லும்போதே என் வாயில் அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. குற்றத்துக்குப் பரிகாரமாகவும் எனக்கு அதே பொய்தான் கிடைத்தது.

"வேணாம் சார். பிள்ளைங்கள பாத்து ரொம்ப நாளாச்சு" என்றாள்.

ஆள் ஊரில் இல்லை என்று அங்கே கார்டில் அவள் பெயரை அடித்துவிட்டிருந்தார்கள், திரும்பச் சேர்க்க வேண்டும். இங்கே கார்டை ஒப்படைத்த சீட்டு கேட்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தாலுகா ஆபீசுக்கு நான் ஒரு கடிதம் தரவேண்டும். சொந்த ஊர் எது, இங்கே எதற்கு வந்தார், ஏன் போகிறார் என்பதைத் தெளிவாக எழுதினால்தான் அந்த மாநிலத்தில் ஏற்றுக்கொள்வார்கள் என்று தாலுகா ஆபீஸ் கிளார்க் சொல்லி அனுப்பியிருந்தார்.

விசாரணை முடிந்துபோன விஷயம். இந்தக் கடிதத்தைப் பழைய விண்ணப்பத்தோடு ஒப்பிட்டு இனி எந்த அதிகாரியும் படிக்கப் போவதில்லை. பயம் விட்டுப்போன கை தாராளமாக எழுதியது. அவள் ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினேன். எந்த மாதம் வந்தார்கள், யார் கூட்டிவந்தது, எந்தக் குழியில் வேலை என்று ஒன்று விடாமல் எழுதினேன். எழுத எழுத நெஞ்சு லேசானது போல் இருந்தது. வெட்கமில்லாமல் அந்தச் சுகத்தை அனுபவித்தேன்.

"என்ன எழுதியிருக்குது சார்?" என்று கேட்டாள். ஊரில் யாராவது கேட்டால் சொல்லத் தெரிய வேண்டுமாம்.

அவளுக்குப் புரியும்படி மெதுவாகப் படித்துக் காட்டினேன். "இவர் ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தவர். சுண்ணாம்புக்கல் குழியில் வேலை செய்வதற்காகக் காண்டிராக்டரின் மேஸ்திரியால் கணவருடன் அழைத்து வரப்பட்டவர். வேலையின்போது மண் சரிந்து கணவர் இறந்துவிட்டதால் சொந்த ஊர் திரும்புகிறார்."

அவள் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதத்தான சார் அந்த ஆபீசர் கேட்டாரு?"

நான் முத்திரையை மையில் ஒற்றிக்கொண்டிருந்தேன்.

"நான்தான் தப்பா சொல்லிட்டேனா சார் அன்னைக்கு?"

நான் நிமிரவில்லை. முத்திரையைக் காகிதத்தில் குத்தினேன். சரியாக விழாததுபோல இன்னொரு தடவை குத்தினேன். அவள் என் மௌனத்தைப் பதிலாக எடுத்துக்கொண்டாள். "ஐயோ, நானே கெடுத்துக்கிட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். புருஷன் செத்த அன்று அழாதவள், என் மேஜை முன்னால் நின்று அழுதாள்.

இல்லம்மா, நீ கெடுக்கவில்லை, நான்தான் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அழுது முடித்து, முகத்தைத் துடைத்து, கடிதத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, எனக்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டுத்தான் அவள் போனாள். அதுவரை நான் சொல்லவில்லை.